பையில் இருந்த பெல்ட் ஏன் உதவவில்லை?

காட்டுப் பாதையில் ஓடும் வாகனங்களுக்கு எடுத்துச் செல்ல வேண்டிய உதிரிப்பாகங்கள்: ஒரு வியாபாரியின் அனுபவம்

பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாக வியாபாரம் செய்யும் எவரும் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நாநா, தூரப் பயணம் போறம். வண்டியில என்னென்ன சாமான் வெச்சுக்கணும்?" என்பதுதான் அது. சபாரி ஜீப் ஓட்டுபவர்கள், மலைப் பக்கம் வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர்கள், விடுமுறைக்கு மீமுரே, வில்பத்து என்று கிளம்பும் இளைஞர்கள் எல்லோரும் இதைக் கேட்பார்கள்.

பல வருடங்களாக நான் அந்தக் கேள்விக்குத் தவறான பதிலையே சொல்லி வந்தேன். கடையில் எது அதிகம் விற்கிறதோ அதை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைப்பேன். வாங்குபவருக்கும் திருப்தி, எனக்கும் வியாபாரம். அது தவறு என்பதை 2014ஆம் ஆண்டில் ஒரு பெல்ட் எனக்குப் புரிய வைத்தது.

புத்தளத்துத் தம்பி ஒருவர் எனது வாடிக்கையாளர். பழைய லேண்ட் ரோவர் ஒன்றை வாங்கித் திருத்தி, ஹோட்டல் ஒன்றின் விருந்தினர்களை வில்பத்துவுக்குக் கூட்டிச் செல்லும் வேலையை ஆரம்பித்திருந்தார். யுத்த காலத்தில் மூடப்பட்டிருந்த வில்பத்து 2010இல் மீண்டும் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்தில் பலருக்கும் கிடைத்த தொழில் அது. கொழும்புக்கு வந்தால் தேவையான சாமான்களை என்னிடம்தான் வாங்குவார். அந்த முறை ஒரு ஃபேன் பெல்ட்டும் கேட்டார். "என்ன வண்டி?" என்றேன். "லேண்ட் ரோவர்" என்றார். கடைப் பையன் லேண்ட் ரோவர் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அவர் அதை உறை பிரிக்காமலே வண்டியின் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

சில மாதங்கள் கழித்து ஒரு நாள் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு, பூங்காவின் உட்பகுதியில் மணல் பாதையில் அவரது பழைய பெல்ட் அறுந்தது. வண்டியில் ஒரு வெளிநாட்டுக் குடும்பம், கூடவே சிறு பிள்ளை. பயப்படாமல் இறங்கி, புதிய பெல்ட்டை எடுத்துப் போடப் பார்த்திருக்கிறார். ஒல்டர்நேட்டரை எஞ்சின் பக்கம் முழுதாகத் தள்ளியும் பெல்ட் கடைசிப் புலியில் ஏறவில்லை. நீளம் போதாது. கைப்பேசிக்கு சிக்னல் இல்லை. வில்பத்துவில் சாதாரணமாக வண்டியை விட்டு இறங்கவே அனுமதி கிடையாது. யானையும் சிறுத்தையும் கரடியும் உலாவும் இடம். ஒன்றரை மணித்தியாலம் கழித்து வந்த இன்னொரு ஜீப்தான் அவர்களை இழுத்து வந்தது. வாயிலுக்கு வரும்போது மஃரிப் நேரம். பூங்காவை விட்டு வெளியேற வேண்டிய ஆறு மணியும் கடந்திருந்தது. அதற்குப் பிறகு அந்த ஹோட்டல் அவரைக் கூப்பிடவில்லை.

அடுத்த வாரம் அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. பெல்ட்டை மேசையில் வைத்தார். "நாநா, இது என்ட எஞ்சினுக்குப் பத்தல்ல" என்றார். நான் பணத்தை எடுத்து நீட்டினேன். "சல்லி வேணாம் நாநா. பெட்டிக்குள்ள சாமான் ஈக்கிது எண்டு நம்பித்தான் காட்டுக்குள்ள போனேன்" என்றார்.

விசாரித்தபோதுதான் விஷயம் தெரிந்தது. வண்டிதான் லேண்ட் ரோவர், எஞ்சின் இசுசு. நம் நாட்டில் இது அதிசயமே அல்ல. பழைய லேண்ட் ரோவர்களில் முக்கால்வாசிக்கு உள்ளே ஜப்பான் எஞ்சின்தான் இருக்கும் என்று நாங்கள் கடையில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதை நன்றாகத் தெரிந்த நானே, எஞ்சினைக் கேட்காமல் வண்டியைக் கேட்டேன். குற்றம் என்னுடையதுதான்.

அன்றிலிருந்து இந்தக் கேள்விக்கு யோசித்துப் பதில் சொல்லப் பழகினேன். அந்த யோசனையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். ஜீப் வைத்திருப்பவருக்கு மட்டும் உரிய விஷயம் இது என்று வேறு வியாபாரம் செய்யும் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்கள் கடைத் தட்டுக்கும் வருகிறேன்.

நான்கு கேள்விகள்

வண்டியில் உள்ள பெட்டி சிறியது. கையில் உள்ள பணமும் அளவானது. எல்லாவற்றையும் எடுத்துச் செல்ல முயன்றால் ஒரு கராஜையே இழுத்துச் செல்ல வேண்டி வரும். பாரம் கூடினால் ஸ்பிரிங் உடையும். அதாவது, உதிரிப்பாகமே பழுதுக்குக் காரணமாகிவிடும். ஆகவே ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து நான்கு கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: இது கெட்டால் வண்டி நிற்குமா? அல்லது சிரமத்துடனாவது வீடு வரலாமா?

இரண்டு: இது இல்லாமல் வேறு வழியில் சமாளிக்க முடியுமா?

மூன்று: பாதையோரத்தில், என்னிடமுள்ள ஆயுதங்களைக் கொண்டு, எனக்குத் தெரிந்த வேலையால் இதை மாற்ற முடியுமா?

நான்கு: இதன் பாரமும் விலையும் தாங்கக் கூடியதா?

எது அடிக்கடி கெடுகிறது என்பது இந்த நான்கில் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் முன்பு செய்த தவறே அதுதான். அடிக்கடி கெடும் சாமான் எல்லாம் வண்டியை நிறுத்துவதில்லை. வண்டியை நிறுத்தும் சாமான் சில வேளை பத்து வருடத்துக்கு ஒரு முறைதான் கெடும். ஆனால் அது கெடும் இடத்தில் கடை இருக்காது.

சில உதாரணங்கள் பார்ப்போம். எஞ்சின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் மூடியபடி இறுகிப்போனால் வண்டி சூடேறி நின்றுவிடும். முதல் கேள்வியில் அது தேறுகிறது. ஆனால், அதைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, மூடியைத் திரும்பப் பூட்டி ஓட்டலாம். ஆகவே இரண்டாம் கேள்வியில் விழுந்துவிடுகிறது. தெர்மோஸ்டாட் வேண்டாம், அந்த மூடிக்கான கேஸ்கட்டுக்குப் பதிலாகப் பூசும் சிலிக்கன் டியூப் ஒன்று போதும்.

லேண்ட் ரோவர்காரர்கள் பின் அச்சின் ஹாஃப் ஷாஃப்ட் உடைவதைப் பற்றி எப்போதும் பயப்படுவார்கள். இரண்டு நீண்ட இரும்புத் தண்டுகளை வண்டியில் கட்டிக்கொண்டு போனவர்களையும் பார்த்திருக்கிறேன். டிஃபெண்டர் வண்டியில் நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டால் முன் சில்லுகள் இழுக்க வீடு வந்து சேரலாம். யுனிவர்சல் ஜொயின்ட் உடைந்தாலும் இதே வழிதான். பின் புரோப்பெலர் ஷாஃப்டைக் கழற்றி வண்டிக்குள் போட்டுவிட்டு, முன் சில்லுப் பலத்தில் மெதுவாக வரலாம். ஹைலக்ஸ் போன்ற வண்டிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ஷாஃப்டைக் கழற்றும் ஸ்பெனர் உங்களிடம் இருக்க வேண்டும். இங்கே உதிரிப்பாகத்தை விட ஸ்பெனர்தான் பெறுமதியானது.

சில்லு பெயாரிங் மூன்றாம் கேள்விக்கு நல்ல உதாரணம். பெயாரிங் கடித்தால் வண்டி நிற்கும். வேறு வழியும் இல்லை. சிறிய சாமான்தான். ஆனால் அதை மாற்ற ஹப் நட் கழற்றும் பெரிய பொக்ஸ் ஸ்பெனர் வேண்டும். டிஃபெண்டருக்கு 52 மில்லிமீற்றர். முன் அச்சு பழைய முறையிலுள்ள லேண்ட் குரூஸர், ஹைலக்ஸ் வண்டிகளுக்கு 54. அந்த ஸ்பெனர் இல்லாமல் பெயாரிங்கை மட்டும் எடுத்துச் செல்பவர் ஒரு இரும்பு வளையத்தைச் சுற்றுலா கூட்டிச் செல்கிறார், அவ்வளவுதான். ஸ்பெனர், கிரீஸ், ஒயில் சீல், பெயாரிங் நான்கும் சேர்ந்தால்தான் அது ஓர் உதிரிப்பாகம்.

டீசல் ஜீப்புக்கான பெட்டி

நம் நாட்டில் காட்டுப் பாதையில் ஓடுபவை பெரும்பாலும் டீசல் வண்டிகள். அதிலும் பழைய முறைப் பம்ப் உள்ளவை பல. அவற்றுக்காக நான் இப்போது சொல்லும் பட்டியல் இது.

முதலில் பெல்ட். பல ஜப்பான் டீசல் எஞ்சின்களில் ஒரே பெல்ட் வரிசைதான் தண்ணீர் பம்பையும் ஒல்டர்நேட்டரையும் சுழற்றுகிறது. அந்த ஒல்டர்நேட்டரின் பின்புறத்தில்தான் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வெக்யூம் பம்ப்பும் இருக்கும். ஆகவே பெல்ட் அறுந்தால் எஞ்சின் சூடேறுவது மட்டுமல்ல, பிரேக் மிதியும் கல்லாகிவிடும். மலையிறக்கத்தில் இதன் அர்த்தம் என்ன என்பதைச் சொல்லத் தேவையில்லை. நைலோன் கயிறு கட்டி வந்தேன், காலுறை கட்டி வந்தேன் என்று கதை சொல்பவர்கள் உண்டு. அதை நம்பிக் காட்டுக்குள் போகக் கூடாது.

அடுத்தது ரேடியேட்டரின் மேல், கீழ் ஹோஸ் இரண்டும், பல அளவு ஹோஸ் கிளிப்புகளும். சிறு ஒழுக்கு என்றால் இழுத்துச் சுற்றும் ரப்பர் டேப்பால் கட்டி, எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைச் சற்றுத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைத்து, அடிக்கடி தண்ணீர் விட்டு வரலாம். ஆனால் ஹோஸ் நீளமாகக் கிழிந்தால் டேப் உதவாது. ஐந்து முதல் பத்து லீற்றர் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இது எஞ்சினுக்கான தண்ணீர். குடிக்கும் தண்ணீர் வேறு.

மூன்றாவது டீசல் பாதை. பீப்பாயில் வாங்கிய டீசலில் தண்ணீரும் தூசியும் இருந்தால் ஃபில்டர் அடைத்து எஞ்சின் இழுக்காமல் நின்றுவிடும். ஒரு ஃபில்டர், இரண்டு மூன்றடி டீசல் ஹோஸ், சிறு கிளிப்புகள், டீசல் குழாய்ப் பூட்டுகளுக்கான செப்பு வாஷர்கள் ஆகியவை எல்லாம் சேர்ந்து ஒரு சோற்றுப் பார்சல் அளவுதான். செப்பு வாஷர் தீர்ந்துவிட்டால், பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சி ஆறவிட்டால் மீண்டும் மிருதுவாகி ஒழுக்கை அடைக்கும். ஃபில்டர் மாற்றிய பிறகு கைப் பம்பால் காற்றை வெளியேற்றத் தெரிந்திருக்க வேண்டும். ஃபில்டர் வாங்குபவர்களிடம் நான் கட்டாயம் கேட்பது இது: "தம்பி, எயார் எடுக்கத் தெரியுமா?" தெரியாது என்றால் கடை வாசலில் காட்டிக் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

இங்கே இன்னொரு விஷயம். பல டீசல் பம்புகளில் எஞ்சினை நிறுத்துவதற்கு ஒரு சிறு மின் சொலனொயிட் இருக்கும். அதற்கு வரும் வயர் அறுந்தால் எஞ்சின் தானாக நின்றுவிடும். எவ்வளவு ஸ்டார்ட் அடித்தாலும் பிடிக்காது. பம்பே போய்விட்டது என்று நினைத்து வண்டியை லொறியில் ஏற்றி வந்தவர்கள் உண்டு. பெட்டரியிலிருந்து ஒரு வயரை நேரே அதற்குக் கொடுத்தால் வண்டி ஓடும். வீடு வந்ததும் அந்த வயரைக் கழற்றினால்தான் எஞ்சின் நிற்கும். சொலனொயிட் வாங்கத் தேவையில்லை. இரண்டு யார் வயரும் இந்த அறிவும் போதும்.

நான்காவது ரப்பர் சாமான்கள். கிளச் கீழ் சிலிண்டருக்கான ரப்பர் கிட், ஒரு பிரேக் ஹோஸ், ஒரு போத்தல் பிரேக் ஒயில். கிட்டின் விலை சிறியது, பாரமே இல்லை. அது இல்லாவிட்டால் லோ கியரில் போட்டு ஸ்டார்ட் அடித்து வண்டியைக் கிளப்பலாம் என்றாலும், ஒடுக்கமான மலைப் பாதையில் கிளச் இல்லாமல் ஓட்டுவது ஆபத்து. பிரேக் ஒயிலை டொட் 3, டொட் 4 என்று போத்தலில் பார்த்து வாங்குங்கள். அவசரத்துக்கு எஞ்சின் ஒயிலை ஊற்றினால் ரப்பர் எல்லாம் ஊதிப்போய், முழு பிரேக்கையும் பிரிக்க வேண்டி வரும்.

ஐந்தாவது ஸ்பிரிங். முழு ஸ்பிரிங் கட்டை எவரும் எடுத்துச் செல்வதில்லை. நடுவே எல்லாத் தட்டுகளையும் பிடித்து நிற்கும் சென்டர் போல்ட் உடைந்தால் அச்சு நகர்ந்து வண்டி கோணலாகிவிடும். அந்தப் போல்ட் ஒன்றும் யு போல்ட் ஒன்றும் நட்டுடன் இருக்கட்டும். ஸ்பிரிங் தட்டு உடைந்தால் மரக்கட்டையும் சங்கிலியும் வைத்துக் கட்டி மெதுவாக வரலாம்.

ஆறாவது சில்லு. நல்ல காற்றுள்ள உதிரிச் சில்லு, டயர் ஓட்டை அடைக்கும் கிட், வால்வ் ஊசிகள், சில்லு நட் இரண்டு மூன்று, காற்றடிக்கும் பம்ப். மணலில் காற்றைக் குறைத்துத்தான் ஓட வேண்டும். தார் வீதிக்கு வந்ததும் திரும்ப அடிக்கப் பம்ப் இல்லாவிட்டால், காற்றில்லாத டயரில் ஓடிப் புதிய டயரை நாசமாக்குவீர்கள்.

கடைசியாக மின் சாமான். பல அளவு ஃபியூஸ், பெட்டரி டெர்மினல் ஒன்று, ஹெட் லைட் பல்ப், வயர், டேப். பழைய ஜப்பான் டீசல் வண்டிகளில் சில 24 வோல்ட் முறையில் ஓடுபவை. பல்ப் வாங்கும்போது அதைச் சொல்லி வாங்க வேண்டும். ஒல்டர்நேட்டரின் மின் பகுதி கெட்டால் பயப்பட வேண்டாம். பழைய டீசல் எஞ்சின் ஓடுவதற்கு மிகக் குறைந்த மின்சாரமே போதும். விளக்குகளையும் ஃபேனையும் அணைத்துவிட்டு, பகலிலேயே வீடு வந்துவிடலாம்.

பாதையைப் பார்த்தும் பெட்டியை மாற்ற வேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து லூல்வத்தை வழியாக மீமுரே இறங்குபவருக்கு பிரேக்கும் கிளச்சும் முதலிடம். வில்பத்து மணலில் ஓடுபவருக்குச் சூடும் டயரும் முதலிடம். புல் விதையும் தூசியும் ரேடியேட்டர் முகத்தை அடைத்துவிடும். அதற்கு ஒரு தூரிகை போதும், உதிரிப்பாகம் வேண்டாம்.

பெட்ரோல் வண்டிக்காரர்கள் டீசல் ஃபில்டருக்குப் பதிலாக பெட்ரோல் ஃபில்டரையும் ஸ்பார்க் பிளக்கையும் சேர்க்க வேண்டும். பழைய முறை டிஸ்ட்ரிபியூட்டர் என்றால் பொயின்ட், கண்டென்சர், ரோட்டர் மூன்றும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கும். அவை இல்லாவிட்டால் வண்டி அசையாது. கணினியால் இயங்கும் புதிய கொமன் ரெயில் டீசல் வண்டிகளில் பாதையோரத்தில் செய்யக் கூடியது குறைவு. ஃபில்டர், ஃபியூஸ், ரிலே, பெல்ட், ஹோஸ் ஆகியவற்றோடு நிற்க வேண்டியதுதான். அவர்களுக்கு நான் சொல்லும் முதல் உதிரிப்பாகம், கூடவே வரும் இன்னொரு வண்டியும் நல்ல இழுவைக் கயிறும்.

புதியதைப் பூட்டு, பழையதை வை

இனி, புத்தளத்துத் தம்பியின் பெல்ட்டுக்கு வருவோம். பட்டியல் சரியாக இருந்தது. பெல்ட் எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார், எடுத்தும் சென்றார். அப்படியிருந்தும் காட்டுக்குள் நின்றார். ஏன்? அந்தப் பெல்ட் அவரது எஞ்சினில் ஒரு நிமிடமாவது ஓடியதில்லை.

பழைய மெக்கானிக் பாஸ் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு எனக்குச் சொன்ன ஆலோசனைதான் இந்தக் கட்டுரையின் சாரம். புதிய சாமானைப் பெட்டியில் வைக்காதே. அதை இன்றே வண்டியில் பூட்டு. கழற்றிய பழையது நல்ல நிலையில் இருந்தால் அதைப் பெட்டியில் வை.

இதில் மூன்று நன்மைகள் உள்ளன. புதிய சாமான் பொருந்துமா, இல்லையா என்பது கடை வாசலிலேயே தெரிந்துவிடும். பிழை என்றால் மாற்றிக்கொள்ளலாம். பெட்டியில் இருப்பது அந்த எஞ்சினிலேயே ஓடி நிரூபித்த சாமான். மூன்றாவது, அதைக் கழற்றிப் பூட்டும் வேலையைச் சாரதி ஒரு முறை செய்து பார்த்துவிடுகிறார். எந்த ஸ்பெனர் வேண்டும், எந்த நட் இறுகியிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ், பிரேக் ஹோஸ், பல்ப் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஃபில்டரும் ரப்பர் கிட்டும் விதிவிலக்கு. அவற்றில் பழையது பயன்படாது. அவற்றை இரண்டாக வாங்கி, ஒன்றைப் பூட்டிப் பார்த்து மற்றதை வைக்க வேண்டும்.

வெடித்த, நூல் தெரியும், கல்லாக இறுகிய பழைய பெல்ட்டை இதற்காகப் பாதுகாக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்டதை வீசிவிட்டு இரண்டு புதியதை வாங்குங்கள். இரண்டையும் ஒரு தடவை பூட்டிப் பாருங்கள்.

வியாபார நண்பர்களுக்கு

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனது கடையில் சில வழக்கங்களை மாற்றினேன். வண்டியின் பெயரை இரண்டாவதாகவும் எஞ்சின் இலக்கத்தை முதலாவதாகவும் கேட்கிறோம். முடிந்தால் பழைய சாமானைக் கொண்டுவரச் சொல்கிறோம். பெல்ட், ஹோஸ் வாங்குபவரின் வண்டி வாசலில் நின்றால் பையனை அனுப்பிப் பூட்டிப் பார்த்துத்தான் பணம் வாங்குகிறோம். இலக்கத்தை ஒரு அட்டையில் எழுதி வாடிக்கையாளரிடம் ஒன்றும் எங்கள் புத்தகத்தில் ஒன்றுமாக வைக்கிறோம். அடுத்த முறை புத்தளத்திலிருந்து தொலைபேசியில் கேட்டாலும் பிழை வராது.

எஞ்சின் வாரியாகப் பயணப் பெட்டிகளையும் கட்டி வைத்திருக்கிறோம். உறை பிரிக்காத சாமானை ஆறு மாதத்துக்குள் திருப்பி எடுத்துக்கொள்கிறோம். இதனால் பெரும் இலாபம் வந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஒரு பெட்டியில் வரும் இலாபம் ஒரு பம்பரில் வரும் இலாபத்தை விடக் குறைவு. ஆனால் பெட்டி வாங்கிய சாரதி, கிளச் பிளேட் மாற்ற வேண்டிய நாளில் வேறு கடையைத் தேடிப் போவதில்லை.

இந்த நான்கு கேள்விகளையும் எனது கடைத் தட்டுக்கு நான் கேட்டது மிகவும் தாமதமாகத்தான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. வங்கியில் எல்சி திறப்பதே போராட்டமாக இருந்தது. புதிய வண்டி வராததால் எல்லோரும் பழைய வண்டிகளைத் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். உதிரிப்பாகக் கடைக்காரனுக்குக் கொண்டாட்டம் என்று வெளியில் பேசினார்கள். எனக்கு என்ன நடந்தது தெரியுமா? எனது பணத்தில் பெரும்பகுதி ஹெட் லேம்ப், பம்பர், கிரில் என்று தட்டில் முடங்கிக் கிடந்தது. உடைந்த பம்பரைக் கம்பியால் கட்டி ஓட்டலாம். மக்களும் அப்படித்தான் ஓட்டினார்கள். அவர்கள் தேடி வந்தது சீல் கிட், ஃபில்டர், புஷ், பெல்ட். அவை என்னிடம் போதவில்லை. ஒயில் சீல் ஒன்றுக்காக மூன்று கடை ஏறி இறங்கிய வாடிக்கையாளரை வெறுங்கையுடன் அனுப்பிய நாட்கள் பல.

தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இனிப் பிரச்சினை இல்லை என்று பழையபடி பளபளப்பான சாமான்களில் பணத்தைப் போடும் ஆசை எனக்கும் வருகிறது. அப்போதெல்லாம் நான் கேட்பது: இது இல்லாவிட்டால் வாடிக்கையாளரின் தொழில் நிற்குமா? வேறு வழியில் சமாளித்துவிடுவாரா? இதை விற்பதற்குத் தேவையான அறிவு எங்களிடம் இருக்கிறதா? இதில் முடங்கும் பணத்தை என்னால் தாங்க முடியுமா? அரிசிக் கடையோ, மருந்துக் கடையோ, தையல் சாமான் கடையோ, இந்தக் கேள்விகள் எல்லோருக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

புத்தளத்துத் தம்பி சுமார் ஒன்றரை வருடம் எனது கடைப் பக்கம் வரவில்லை. பிறகு ஒரு நாள் வந்து டீசல் ஃபில்டர் இரண்டு கேட்டார். பழைய கதையை அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. எஞ்சின் இலக்கத்தை நான் கேட்பதற்கு முன்பே, ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி எனது மேசையில் வைத்தார்.

நீங்களும் இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வண்டிப் பெட்டியைத் திறந்து, உறை பிரிக்காமல் கிடக்கும் சாமான்களை வெளியே எடுங்கள். ஒவ்வொன்றையும் வீட்டு வாசலில் நின்றே பூட்டிப் பாருங்கள். பொருந்தாத ஒன்று இருந்தால், அதை மாற்றுவதற்கு அங்கே கடையும் இருக்கிறது, நேரமும் இருக்கிறது.